எண்ணிக்கையும் தற்செயலும்: சங்க இலக்கியத் தரவுகளின்வழிப் பைத்தான் நிரல்மொழியில் தொடக்கநிலைப் புள்ளியியல் பயிற்சி

சங்க இலக்கிய ஆய்வேடுகளில் எண்ணிக்கைக்கு இன்று நிலையான இடம் உண்டு. ஓர் உவமை இத்தனை இடங்களில் பயின்று வருகிறது, ஒரு புலவர் ஒரு திணையை இத்தனை பாடல்களில் பாடியுள்ளார், ஒரு சொல் அகநூல்களில் மிகுந்தும் புறநூல்களில் குறைந்தும் காணப்படுகிறது என்றெல்லாம் அட்டவணைகள் இடம்பெறுகின்றன. அவ்வட்டவணைகள் பெரும்பாலும் பிழையற்றவை, உழைத்துத் திரட்டப்பட்டவை. அட்டவணையை அடுத்து வரும் 'எனவே' என்னும் சொல்லே ஐயத்திற்கு இடமளிக்கிறது. கண்ட வேறுபாடு பொருளுடையதா, தற்செயலாகவும் நேர்ந்திருக்கக் கூடியதா என்னும் வினாவை எழுப்பாமலே நாம் முடிவுக்கு வந்துவிடுகிறோம். அவ்வினாவை முறையாக எழுப்பவும் ஆராயவும் துணைசெய்வது நிகழ்தகவியல். அதன் தொடக்கநிலைக் கருத்துகளைத் தமிழாய்வாளர் தமக்குப் பழக்கமான தரவுகளைக் கொண்டே, பைத்தான் என்னும் நிரல்மொழியில் எவ்வாறு பயிலலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

புள்ளியியல் பாடநூல்கள் நாணயம், பகடை, சீட்டுக்கட்டு ஆகியவற்றில் தொடங்கி வாய்பாடுகளுக்குச் செல்கின்றன. இலக்கியம் பயின்றவர் பலர் அவ்வாய்பாடுகளிலேயே நின்றுவிடுகின்றனர். நிரல்மொழி வேறொரு வழியைத் திறக்கிறது. ஒரு நிகழ்வு நேரும் வாய்ப்பு எவ்வளவு என்பதை வாய்பாட்டால் அறியாதவரும், அந்நிகழ்வைக் கணினியில் பத்தாயிரம் முறை நிகழ்த்திப் பார்த்து விடையை நெருங்கலாம். பைத்தான் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இக்கட்டுரையில் வரும் பயிற்சிகள் யாவும் அதனுடன் இயல்பாகவே வரும் நிரலகங்களால் முடிவன. எந்தப் பயிற்சிக்கும் இருபது வரிகளுக்கு மேல் நிரல் தேவையில்லை.

பத்துப்பாட்டின் அடிகள்: சராசரியும் இடைநிலை அளவும்

முதற் பயிற்சிக்குப் பத்துப்பாட்டே போதும். திருமுருகாற்றுப்படை 317 அடிகள், பொருநராற்றுப்படை 248, சிறுபாணாற்றுப்படை 269, பெரும்பாணாற்றுப்படை 500, முல்லைப்பாட்டு 103, மதுரைக்காஞ்சி 782, நெடுநல்வாடை 188, குறிஞ்சிப்பாட்டு 261, பட்டினப்பாலை 301, மலைபடுகடாம் 583. இப்பத்து எண்களையும் ஒரு பட்டியலாக நிரலில் எழுதி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்னும் நிரலகத்தை அழைத்தால் சராசரி 355.2 என்றும் இடைநிலை அளவு 285 என்றும் விடை கிடைக்கும்.

இவ்விரண்டில் 'பத்துப்பாட்டில் ஒரு பாட்டின் வழக்கமான நீளம்' என்று எதைச் சொல்வது? பத்தில் ஏழு பாட்டுகள் சராசரியைவிடச் சிறியவை. மதுரைக்காஞ்சி ஒன்றை நீக்கினால் சராசரி 307.8 ஆகக் குறைகிறது. இடைநிலை அளவு 285இலிருந்து 269க்கு மட்டுமே நகர்கிறது. ஒரு பெரிய மதிப்பு சராசரியைத் தன்பால் இழுக்கும் என்று பாடநூல் கூறும் செய்தி இங்கு மதுரைக்காஞ்சி என்னும் பெயருடன் கண்முன் நிற்கிறது. நான்கு முதல் எட்டடி வரை என்னும் வரம்புக்குள் பெரும்பாலும் அமைந்து, 307, 391 ஆகிய இரு பாடல்களில் மட்டும் ஒன்பதடி பெறும் குறுந்தொகையில் இத்தகைய இழுப்புக்கு இடமில்லை. எந்த அளவையைப் பயன்படுத்துவது என்பதைத் தரவின் வடிவமே முடிவுசெய்கிறது.

திட்டவிலக்கத்தைக் கணிக்கும்போது பைத்தான் ஒரு கேள்வியை நம்மிடமே திருப்பிவிடுகிறது. அந்நிரலகத்தில் இதற்கு இரண்டு செயற்கூறுகள் உள்ளன. ஒன்று விலக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகையைப் பத்தால் வகுத்து வர்க்கமூலம் கண்டு 194.62 என்கிறது, மற்றொன்று ஒன்பதால் வகுத்து 205.15 என்கிறது. முன்னது முழுமைத் தொகுதிக்குரியது. பின்னது ஒரு பெருந்தொகுதியிலிருந்து எடுக்கப்பட்ட கூறுக்குரியது. பத்துப்பாட்டு என்னும் தொகைநூலைப் பற்றி மட்டும் பேசுவோமாயின் நம்மிடம் இருப்பது முழுமைத் தொகுதி, 194.62 சரி. 'சங்க காலத்தில் பாடப்பட்ட நெடும்பாட்டுகள்' என்று பேசத் தொடங்கினால் இப்பத்தும் காலம் விட்டுவைத்த கூறு ஆகிவிடும்; அதுவும் சமவாய்ப்பு முறையில் எடுக்கப்படாத கூறு. ஒரு வகுத்தியைத் தேர்வதற்குள் தொகுப்பாசிரியரைப் பற்றியும் சுவடிகளின் அழிவைப் பற்றியும் எண்ண வேண்டியிருக்கிறது. கணினி அச்சிட்டுத் தரும் எண்ணை அப்படியே எடுத்தெழுதுவோர் பலர் இந்த இடத்தைக் கவனியாமல் கடந்துவிடுகின்றனர்.

அகநானூறும் கூறெடுப்பும்

நானூறு பாடல்களையும் ஆராய இயலாத நிலையில் நாற்பதைத் தேர்ந்து ஆராய்வது வழக்கம். எந்த நாற்பது என்பதில்தான் ஆய்வின் நம்பகத்தன்மை அடங்கியுள்ளது. பத்து பாடலுக்கு ஒன்று என எடுப்பது பலருக்கும் நடுநிலையான முறையாகத் தோன்றும்; புள்ளியியலில் அதற்கு முறைசார்ந்த கூறெடுப்பு என்ற பெயரும் உண்டு. அகநானூற்றில் அம்முறையைக் கையாண்டால் நேர்வது யாது?

உருத்திரசன்மர் தொகுத்த இந்நூலின் வரிசை தற்செயலானதன்று என்பதைத் தமிழாய்வாளர் அறிவர். ஒற்றைப்படை எண்கள் யாவும் பாலை. 2, 8 ஆகியவற்றில் முடிவன குறிஞ்சி. 4இல் முடிவன முல்லை. 6இல் முடிவன மருதம். 10, 20, 30 எனச் சுழியத்தில் முடிவன நெய்தல். ஆகப் பாலை 200, குறிஞ்சி 80, முல்லை, மருதம், நெய்தல் ஒவ்வொன்றும் 40. இனி 10, 20, 30 எனப் பத்துக்கு ஒன்றாக எடுத்தால் நாற்பதும் நெய்தலே. 5, 10, 15 என எடுத்தால் பாதி பாலை, பாதி நெய்தல். ஏனைய மூன்று திணைகளுக்கு ஒரு பாடலும் இல்லை. 4, 8, 12 என நான்குக்கு ஒன்றாக நூறு பாடல்களை எடுத்தாலும், நூலின் சரிபாதியாகிய பாலையில் ஒன்றுகூட அகப்படாது. கூறின் அளவைப் பெருக்குவதால் இக்குறை தீராது என்பதை இந்த நூறு பாடல்கள் காட்டுகின்றன.

இதற்கு மாறாக, 1, 8, 15, 22 என ஏழு ஏழாகத் தாண்டிச் சென்றால் முதற் பத்துப் பாடல்களிலேயே பாலை ஐந்து, குறிஞ்சி இரண்டு, ஏனையவை ஒவ்வொன்று என நூலின் விகிதம் அப்படியே அமைந்துவிடும். ஏழுக்கும் பத்துக்கும் பொதுக்காரணி இல்லாமையே இதற்குக் காரணம். ஆனால் இது திணைக்கு மட்டுமே கிடைக்கும் உறுதி. புலவர்களுக்கோ கூற்றுகளுக்கோ அது பொருந்தாது.

ஐங்குறுநூற்றில் இடர் வேறு வடிவில் உள்ளது. அங்கு மருதம், நெய்தல், குறிஞ்சி, பாலை, முல்லை என நூறு நூறாகத் திணைகள் தொடர்கின்றன. ஒவ்வொரு நூற்றுக்கும் ஒரு புலவர். பத்துக்கு ஒன்றாக எடுப்பது இந்நூலுக்கு ஏற்றது. முதல் நூறு பாடல்களை மட்டும் எடுப்பவர் ஓரம்போகியாரின் மருதத்தை மட்டுமே ஆராய்ந்தவர் ஆவார். 129, 130ஆம் பாடல்கள் கிடைக்காமையால் முழுமைத் தொகுதி 498 என்பதையும் நிரலில் குறித்தாக வேண்டும்.

எளிய சமவாய்ப்புக் கூறெடுப்பு இத்தகைய வரிசையமைப்புகளுக்குக் கட்டுப்படாதது. பைத்தானில் ரேண்டம் என்னும் நிரலகத்தின் சாம்பிள் என்ற செயற்கூறிடம், 1 முதல் 400 வரையுள்ள எண்களில் நாற்பதைத் திரும்ப வராத வகையில் எடுக்கச் சொல்லலாம். இங்கு ஒரு நுட்பம் உண்டு. பைத்தானில் எண் வரிசையைத் தரும் ரேஞ்ச் என்ற கட்டளை மேல் எல்லையை உட்கொள்வதில்லை. 1, 400 என்று எழுதினால் 399உடன் வரிசை நின்றுவிடும். 400ஆம் பாடலாகிய நெய்தற்பாட்டு ஒருபோதும் தேர்வு பெறாது. 1, 401 என்றே எழுத வேண்டும். எடுத்த எண்ணைப் பத்தால் வகுத்து மீதியைக் கண்டால் திணை கிடைத்துவிடும் என்பதால், திணைகளை எண்ணித் தர நான்கைந்து வரிகள் போதும்.

கணினி தரும் இவ்வெண்கள் உண்மையில் ஒரு கணக்கீட்டு முறையால் உருவாகும் போலிச் சமவாய்ப்பு எண்களே. பைத்தான் இதற்கு மட்சுமோட்டோ, நிஷிமுரா ஆகிய ஜப்பானியர் இருவர் உருவாக்கிய மெர்சென் ட்விஸ்டர் என்ற முறையைப் பயன்படுத்துகிறது. தொடக்க எண் ஒன்றை விதையாகக் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் அதே நாற்பது பாடல்களே வரும். ஆய்வாளருக்கு இது பெரும் வசதி. 'சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டன' என்று எழுதுவதோடு நில்லாமல் விதை எண்ணையும் பைத்தான் பதிப்பையும் ஆய்வேட்டில் குறித்துவிட்டால், மதிப்பீட்டாளர் தம் கணினியிலேயே அத்தேர்வைச் சரிபார்க்கலாம். பிடித்த பாடல்கள் வரும்வரை விதையை மாற்றிக்கொண்டே இருப்பது மட்டும் கூடாது.

இல்லாமையின் நிகழ்தகவு

'ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பத்துப் பாடல்களில் முல்லைப்பாடல் ஒன்றும் இல்லை' என்ற செய்தியை வைத்துக்கொள்வோம். நூலில் பத்தில் ஒரு பங்கு முல்லை, எடுத்தவை பத்து, ஆகவே ஒன்றாவது வந்திருக்க வேண்டும் என்று உள்ளுணர்வு சொல்கிறது. அகநானூற்றிலிருந்து பத்துப் பாடல்களை எடுத்து, முல்லை உண்டா எனப் பார்த்து, மீண்டும் நானூற்றிலிருந்து பத்தை எடுப்பதைப் பத்தாயிரம் முறை செய்யுமாறு ஒரு மடக்கு எழுதுக. முல்லை அறவே இல்லாத முறைகளை எண்ணிப் பத்தாயிரத்தால் வகுக்க.

கணக்கீட்டின்வழி இதன் நேர் விடையும் கிடைக்கும். முதற்பாடல் முல்லையாக இல்லாதிருக்கும் வாய்ப்பு 360/400, இரண்டாவது 359/399, இவ்வாறே பத்தாவது 351/391. இப்பத்தையும் பெருக்கினால் 0.344. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதி. நிரலின் விடை இதனைச் சுற்றியே அமையும். பத்தாயிரம் முயற்சிகளுக்குப் பெரும்பாலும் 0.335க்கும் 0.354க்கும் இடையில் நிற்கும். விதை எண்ணை மாற்றி மீண்டும் மீண்டும் இயக்கி அந்த ஊசலைக் காண்பதே ஒரு பாடம். ஆக, பத்துப் பாடல்களில் முல்லை இல்லை என்பதிலிருந்து எதையும் பெற இயலாது. நாற்பது பாடல்களை எடுத்தும் முல்லை இல்லையெனில் நிலை வேறு. அதன் நிகழ்தகவு 0.012 அளவே.

இருப்பதைக் கொண்டு முடிவுசெய்வதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். நாற்பது பாடல் கொண்ட கூறில் குறிஞ்சியின் எதிர்பார்ப்பு மதிப்பு 8. திட்டவிலக்கம் ஏறத்தாழ 2.4. ஒருவர் எடுத்த கூறில் குறிஞ்சி ஐந்தும், மற்றொருவர் எடுத்ததில் பதினொன்றும் வரலாம். இருவரும் ஒரே நூலை, ஒரே முறையில், நேர்மையாக ஆராய்ந்தவர்களே. திணையின் எண்ணிக்கை நமக்கு முன்பே தெரியும் என்பதால் இந்த ஊசல் நம்மை ஏமாற்றுவதில்லை. முழுநூலில் எத்தனை என்று யாரும் எண்ணிப் பாராத ஓர் உவமையையோ மெய்ப்பாட்டையோ கூறெடுத்து ஆராயும்போது, அதே அளவு ஊசல் கண்ணுக்குத் தெரியாமல் உடனிருக்கிறது.

ஆற்றுப்படைகள் நீளமானவையா?

மீண்டும் பத்துப்பாட்டுக்கு வருவோம். ஆற்றுப்படைகள் ஐந்து, மலைபடுகடாமும் கூத்தராற்றுப்படையே. அவற்றின் அடிகள் மொத்தம் 1917, சராசரி 383.4. ஏனைய ஐந்தின் அடிகள் 1635; சராசரி 327. வேறுபாடு 56.4 அடிகள். வழியும் நிலமும் புரவலன் பெருமையும் விரித்துரைக்க வேண்டிய துறை ஆதலின் ஆற்றுப்படை நீண்டது என்று எழுதுவது எளிது. கேட்கவும் நன்றாக இருக்கும்.

இக்கூற்றைச் சோதிக்க ரொனால்டு ஃபிஷர் 1935இல் வெளியிட்ட சோதனை வடிவமைப்பு நூலில் காட்டிய வழி பொருந்தும். பாலை முதலில் ஊற்றியதா, தேநீரை முதலில் ஊற்றியதா என்பதைச் சுவைத்தே சொல்ல முடியும் என்ற பெண்மணிக்கு எட்டுக் கோப்பைகள் தரப்படுகின்றன. நான்கு ஒருவகை, நான்கு மறுவகை. எட்டில் நான்கைத் தேர 70 வழிகள் உண்டாதலால், வெறும் ஊகத்தால் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 70இல் 1. பெயரிடலைக் கலைத்துப் பார்ப்பதே இதன் அடிப்படை.

பத்துப் பாட்டுகளில் ஐந்துக்கு 'ஆற்றுப்படை' என்ற பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு சூட்டினால் 252 வழிகள் உண்டு. பைத்தானின் இட்டர்டூல்ஸ் நிரலகம் அந்த 252 சேர்க்கைகளையும் ஒரு நொடிக்குள் வரிசைப்படுத்தித் தரும். ஒவ்வொன்றிலும் ஐந்து பாட்டுகளின் அடிகளைக் கூட்டி, 1917ஐ எட்டியவை அல்லது கடந்தவை எத்தனை எனப் பார்த்தால் 89 வருகின்றன. அதாவது, துறையைப் பற்றி ஏதும் அறியாத பெயரிடலும் நூற்றுக்கு 35 முறை இவ்வளவு அல்லது இதைவிட நீளமான 'ஆற்றுப்படை'களைத் தந்துவிடும். எத்திசையில் ஆயினும் இவ்வளவு வேறுபாடு தோன்றும் வழிகளைக் கணக்கிட்டால் 178. நூற்றுக்கு 70க்கும் மேல். ஆற்றுப்படை நீளமானது என்னும் கூற்றை இந்த எண்கள் தாங்கவில்லை.

நிரல் எழுதுவோர் இங்கு சராசரிகளை ஒப்பிடாமல் கூட்டுத்தொகைகளை ஒப்பிடுவது நலம். துல்லியமாக 1917 தரும் சேர்க்கைகள், உண்மையான ஆற்றுப்படைகள் உட்பட மூன்று. பின்ன எண்களில் நேரும் நுண்ணிய பிசகால் இவற்றுள் ஒன்று விடுபட்டால் 89 என்பது 88 ஆகலாம். 'கடந்தவை' என்று மட்டும் கேட்டால் 86தான் வரும்; உண்மையில் நாம் கண்ட பிரிவே எண்ணிக்கையில் இடம்பெறாமல் போய்விடும்.

இச்சோதனையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பத்துப்பாட்டைப் பாடியோர் பெயர்ச்சீட்டுக் குலுக்கிப் பாடவில்லை. சோதனை கூறுவது, இவ்வளவு சிறிய தரவில் இவ்வளவு சிறிய வேறுபாட்டுக்குக் காரணம் தேடத் தேவையில்லை என்பதை மட்டுமே. துறை இலக்கணத்தைக் கொண்டும் பாட்டின் அமைப்பைக் கொண்டும் ஆற்றுப்படையின் விரிவை நிறுவ விரும்புவோருக்கு அவ்வழி திறந்தே உள்ளது. வரிசையமைப்பு வெளிப்படையாகத் தெரியும் இடத்தில் இதே கணக்கு நேர்மாறான விடையைத் தருவதையும் ஒப்பிடலாம். அகநானூற்றின் 400 பாடல்களைக் குலுக்கி அடுக்கினால் 200 பாலைப் பாடல்களும் ஒற்றைப்படை இடங்களிலேயே அமையும் வாய்ப்பு, 1க்குப் பின் 119 சுழியங்கள் கொண்ட எண்ணில் ஏறக்குறைய ஒன்று. தொகுத்தவர் கை அங்கே ஐயமின்றித் தெரிகிறது.

எண்ணப்படும் அலகு

நிகழ்தகவியலில் பெரும்பயன் விளைத்த கண்டுபிடிப்பு ஒன்று இலக்கியத்தை எழுத்தெழுத்தாக எண்ணியதன் வழிப் பெயர்பெற்றது. உருசியக் கணிதவியலார் ஆந்திரேய் மார்க்கோவ் 1913இல் புஷ்கினின் 'எவ்கேனி ஒனேகின்' என்னும் செய்யுட் புதினத்திலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிரா மெய்யா எனக் கையாலேயே எண்ணினார். உயிர் 8,638, அதாவது நூற்றுக்கு 43. ஆனால் ஓர் உயிரை அடுத்து உயிர் வரும் வாய்ப்பு 0.128, மெய்யை அடுத்து உயிர் வரும் வாய்ப்பு 0.663. முன்னதைச் சார்ந்தே பின்னது அமைகிறது என்பதை இவ்வெண்கள் காட்டின. நாணயத்தை மீண்டும் மீண்டும் சுண்டுவதிலிருந்து மொழி எங்கு விலகுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது.

இதையே தமிழில் செய்ய முனைபவர் முதலில் எழுத்து என்றால் என்ன என்பதில் இடறுவார். ஒருங்குறியில் அகரமேறிய உயிர்மெய் ஒரே குறி. புள்ளி பெற்ற மெய் இரண்டு குறிகள். மெய்யை அடிப்படையாகவும் உயிர்மெய்யைச் சேர்க்கையாகவும் கொள்ளும் நம் இலக்கண மரபுக்கு இது தலைகீழ். 'மரம்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 4 என்கிறது. தமிழ் எழுத்துகள் 3. உயிரும் மெய்யுமாகப் பிரித்தால் 5. 'தமிழ்' என்ற சொல்லுக்குக் கணினி கூறுவதும் 5, உயிரும் மெய்யுமாகப் பிரித்தால் வருவதும் 5. இந்த ஒற்றுமை தற்செயலானது. இதைக் கண்டு கணினியின் எண்ணிக்கையை நம்பியவர் அடுத்த சொல்லிலேயே தவறுவார். ஒகர, ஓகார உயிர்மெய்களின் குறியை ஒன்றாகவும் இரண்டாகவும் உள்ளிட முடிவது இன்னொரு சிக்கல். எண்ணத் தொடங்கும் முன் யூனிகோட்டேட்டா என்னும் நிரலகத்தால் அவற்றை ஒருமைப்படுத்திக்கொள்ள வேண்டும். அகரமேறிய குறிகளை மெய்யும் அகரமுமாகப் பிரித்துத் தரும் சிறு செயற்கூறு ஒன்றை எழுதிய பின்னரே மார்க்கோவின் பயிற்சி தமிழுக்குப் பொருந்தும்.

மார்க்கோவ் கண்ட சார்புடைமை சொல் ஆய்விலும் உண்டு. ஒரு பாடலில் 'யானை' ஒருமுறை வந்தால் மறுமுறையும் வரும் வாய்ப்பு உயர்கிறது. இரு நூல்களின் சொற்களை எல்லாம் ஒரே குவியலாக்கிக் குலுக்கி, மேற்கண்ட கலைப்புச் சோதனையை நிகழ்த்தினால், ஒரு பாடலிலேயே நான்கு முறை வந்த சொல் நான்கு தனிச் சான்றுகளாகக் கணக்கிடப்பட்டு, இல்லாத வேறுபாடும் இருப்பதாகத் தோன்றும். ஆகவே குலுக்க வேண்டிய அலகு பாடல். ஒவ்வொரு பாடலையும் அதன் சொல்லெண்ணிக்கையோடு பிரிக்காமல் வைத்து, எந்த நூலைச் சேர்ந்தது என்னும் பெயரை மட்டும் மாற்றி மாற்றிச் சூட்டுமாறு நிரலை அமைக்க வேண்டும். குறுந்தொகையையும் அகநானூற்றையும் இவ்வாறு ஒப்பிடும்போது பாடலின் நீளம் பெரிதும் வேறுபடுவதால், சொல்லின் வருகையை நேராக எண்ணாமல், பாடலில் உள்ள மொத்தச் சொற்களுக்கு அது எத்தனை பங்கு என்ற விகிதமாக மாற்றிக்கொண்டு தொடங்குவது முறை.